அவதானமும் மனப்பாடமும்

1816ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ‘பினாங்கு ஃபிரீ ஸ்கூல்’ தோன்றியது. அதனை ஆங்கிலக் கல்வியின் தொடக்கமாகவே பலரும் அறிவர். ஆயின் அதன் அரவணைப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஒரு வகுப்பும் நடந்தது. மலைநாட்டுத் தமிழ்க் கல்வியின் வயது அவ்வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் கொண்டாடப்பெற்ற இருநூறாம் ஆண்டு நிறைவும் அக்கணக்கின்படி அமைந்ததே. போதிய ஆதரவின்றி அவ்வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

அதற்காக இரங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகராகவும் மாலுமிகளாகவும் கூலிகளாகவும் தமிழர் இங்கு வந்தவண்ணம் இருந்தனர். அவருள் எழுத்தறிந்தோர் சிலரே. ஆயினும் அச்சிலர் ஒரு கல்விமுறையைத் தம்முடன் கொண்டுவந்தனர். அது அவர்தம் பெட்டியில் இருந்ததினும் நெஞ்சில் இருந்ததே மிகுதி. அக்கல்வி மனத்தை எவ்வாறு பயிற்றியது, அப்பயிற்சியின் உச்சியில் அவதானம் என்னும் கலை எவ்வாறு மலர்ந்தது, அவற்றுள் நாம் வைத்துக்கொண்டது யாது, கைவிட்டது யாது என்பனவே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

திண்ணைப் பள்ளி என்றவுடன் மணலும் பிரம்பும் கூச்சலுமே நம் நினைவுக்கு வருகின்றன. கூச்சல் இருந்தது மெய். பிரம்பும் இருந்தது, அதனினும் கொடியதாக, பிள்ளையைக் கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கும், தாழ்ந்தோர் என ஒதுக்கப்பெற்ற குடியினர்க்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. இவற்றை மறைத்து அதனைப் பொற்காலமாகப் பாடுவது புகழ்மாலையாகுமேயன்றி வரலாறாகாது. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னரும், நினைவைப் பயிற்றும் துறையில் அப்பள்ளி செய்துவைத்த ஏற்பாடுகள் வியப்பிற்குரியன.

உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் இளமைக்காலப் பள்ளியைப் பற்றிச் சொல்லுமிடத்து ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புமுன் ஆசிரியர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் அவன் அதனை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். பார்வைக்கு இது சிறுபிள்ளை விளையாட்டு. ஆனால் இதில் நடப்பது என்ன? ஏட்டில் எழுதப்படாத ஒரு சொல்லை, விளையாட்டு, உணவு, உறக்கம் ஆகிய இத்தனை இடையூறுகளையும் கடத்தி, ஓரிரவு முழுதும் நெஞ்சில் காத்து வருதல். மறுநாள் பிறர் கேட்கும்போது அதனை மீட்டெடுத்தல். பாடத்தின் பொருளிலிருந்து பிரித்தெடுத்து, நினைவை மட்டும் தனியே பயிற்றும் ஒரு சிறு கருவியாக இதனைச் செய்திருக்கிறார்கள்.

பள்ளியில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். அவர்களைக் கேள்வி கேட்டு ஒப்புவிக்கச் செய்வான். 1787இல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் படைவீரரின் ஆண்மக்களுக்கான விடுதிப்பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அதனோடு சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலெல்லாம் பரவியது. நம் திண்ணையிலிருந்து ஒரு கூறு கடல்கடந்து சென்று மேனாட்டுப் பெயரோடு புகழ்பெற்றதை நம் மாணவர்க்கு யாரும் சொல்வதில்லை.

இனி எண்ணுக்கு வருவோம். திண்ணைப் பள்ளியின் எண்சுவடியைக் கையிலெடுத்துப் பார்க்கும் இன்றைய கணக்காசிரியர் திகைத்துப்போவார். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதிலிருந்து அரைக்காணி, காணி, அரைமா, மா என்று ஏறி, கால், அரை, முக்கால் வழியே ஒன்று வரையில் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். இதற்குப் பொன்னிலக்கம் என்று பெயர். நெல்லிலக்கத்தில் ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று தொடங்கி, எட்டு நாழி ஒரு குறுணி, இரு குறுணி ஒரு பதக்கு, இரு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று முடியும். இவற்றின் மேல் பெருக்கல் வாய்பாடுகள் அடுக்கடுக்காக வரும். வெறும் நெட்டுரு என்று இதனைத் தள்ளிவிடுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 240இல் மாகாணி எவ்வளவு? மாகாணி என்பது 16இல் ஒரு பங்கு. தாளில் வகுக்கத் தொடங்குமுன் திண்ணைப் பிள்ளை விடை சொல்லிவிடுவான். 240க்கு மா, அதாவது 20இல் ஒரு பங்கு, 12. காணி, அதாவது 80இல் ஒரு பங்கு, 3. இரண்டும் சேர்ந்தால் 15. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி. வழி அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. சொல்லை நினைவிற் கொண்டவன் செய்கையையும் நினைவிற் கொண்டவனாகிறான்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் செந்தில் பாபு, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடிகளை ஆராய்ந்தவர். அப்பள்ளிகளில் நினைவு என்பது கற்றவற்றைப் போட்டுவைக்கும் பெட்டி அன்று, கற்கும் முறையே அதுதான் என்பது அவர்தம் ஆய்வின் சாரம். இக்கருத்தே நமக்கு வழிகாட்டியாகிறது.

இக்கல்வி வாழ்க்கைக்குப் பயன்பட்டதா என்று ஐயுறுவோர் பினாங்கு வீதியைப் பற்றிக் கேட்டறியலாம். நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாய் அமைந்திருந்த அவ்வீதியில், சொந்த ஊரின் திண்ணையில் எண்சுவடி முடித்த சிறுவர்கள் பெட்டியடிப் பையன்களாய் வந்து அமர்ந்தனர். காசுப்பெட்டி அருகே உட்கார்ந்து, பெரியவர்கள் வட்டிக் கணக்கைப் பேச்சிலேயே போட்டு முடிப்பதைக் கேட்டுக் கேட்டுத் தேறிய பின்னரே அவர்கள் பேரேட்டைத் தொட்டனர். நாளும் கிழமையும் முதலும் வட்டியும் மனக்கணக்காகவே ஓடின. வாடிக்கைக்காரர் எதிரே நிற்கும்போது பேனாவைத் தேடுகிறவன் அத்தொழிலுக்கு ஆகான். பெருந்தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கடன் கொடுத்த ஒரு தொழிலின் அடியில் முந்திரியும் காணியும் கிடந்தன.

எண் இவ்வாறாக, எழுத்துக் கல்விக்கு நிகண்டு அடிப்படையாயிற்று. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவால் ஆகியது; பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பகுதி. இன்றைய அகராதியில் சொற்கள் முதலெழுத்து வரிசையில் நிற்கின்றன. அத்தொகுதியிலோ இரண்டாம் எழுத்தாகிய எதுகையின் வரிசையில் நிற்கின்றன. ஏன்? அகராதி கண்ணுக்காகச் செய்யப்பட்டது. நிகண்டு காதுக்காகச் செய்யப்பட்டது. அடிதோறும் எதுகை ஒன்றியிருப்பின், ஒரு சொல் அடுத்த சொல்லைத் தானே இழுத்து வரும். மோனையும் எதுகையும் அழகு கருதி வந்தன என்று மட்டுமே நாம் வகுப்பில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவை நினைவின் கொளுவிகள் என்பதையும் சொல்லுதல் வேண்டும். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அந்தாதியோ, நூறு பாடல்களை ஒரே சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் ஓதுபவனுக்கே அது தெரிந்துவிடும்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழாசிரியர் அனைவரும் கற்றிருப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் அதில் மாணாக்கனுக்கு விதித்த முறைகளை இன்று மீண்டும் படிக்கும்போது, அவை நற்பழக்கங்களின் பட்டியல் என்ற எண்ணம் மாறிவிடுகிறது. கேட்டவற்றைத் திரும்ப நினைத்துப் பார்த்தல், உடன்கற்பாரோடு பயிலுதல், வினாவுதல், பிறர் வினாவியவற்றுக்கு விடை கூறுதல் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்கே கிட்டும் என்று அளந்தும் கூறுகிறார். மற்றொரு காற்பங்கு உடன்பயில்வாரோடு பழகுவதால் வரும். எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே வரும். கால், கால், அரை என்னும் இவ்வளவை ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னதன்று. எனினும் கற்றலின் பெரும்பகுதி உள்ளே வாங்குவதில் இல்லை, வெளியே கொணர்வதிலேயே உள்ளது என்னும் அதன் உட்கருத்து ஆழமானது.

மேனாட்டார் இதனை அளந்தே பார்த்துள்ளனர். 1885இல் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து நூல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக விரைந்து நிகழ்கிறது, பின்னர் மெல்லத் தளர்கிறது என்பது அவர் கண்டது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை மீண்டும் படித்தனர். மறுசாரார் படித்ததை நூலின்றி நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினர். அவர்கள் நூற்றுக்கு 81 பங்கும் மற்றவர்கள் 75 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ நிலை தலைகீழாயிற்று. நினைவுகூர்ந்து பழகியவர்களிடம் 56 பங்கு எஞ்சியிருந்தது. மீண்டும் படித்தவர்களிடம் 42 பங்கே எஞ்சியிருந்தது. தேர்வுக்கு முன்னிரவில் நூலைத் திரும்பத் திரும்பப் புரட்டும் மாணவன் தனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று ஏன் நம்புகிறான், அடுத்த வாரமே அவ்வறிவு எங்கே போய்விடுகிறது என்ற இரு வினாக்களுக்கும் இச்சோதனையில் விடை உண்டு. சட்டாம்பிள்ளை முன் நின்று ஒப்புவித்த பிள்ளை இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவன்.

பினாங்கின் தமிழ் வரலாற்றில் இப்பயிற்சியின் முதிர்ந்த கனியாக நாம் சுட்டத்தக்கவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். 1833இல் பிறந்து 1908இல் மறைந்த அவர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். 1883இல் பினாங்கில் ‘வித்தியாவிசாரிணி’ என்னும் இதழை நடத்தியவர். அச்செழுத்தைக் கையாண்ட இதழாசிரியரின் புலமை ஏட்டுக்கு முற்பட்ட பயிற்சியில் விளைந்தது. அவர்தம் ஆசிரியராகிய பிள்ளையவர்கள் செய்யுள்களை மனத்தகத்தே அமைத்துக்கொண்டு வாயாற் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொள்வர் என்பதைச் சாமிநாதையர் எழுதிய மகாவித்துவான் வரலாற்றில் காணலாம். தலபுராணங்கள் பலவும் அவ்வாறே எழுந்தன. எழுதுகோலைப் பிடிக்குமுன் காப்பியத்தின் நடை நெஞ்சில் ஓடிய ஒரு தலைமுறை அது.

அப்பயிற்சியை அரங்கில் ஏற்றிக் காட்டிய கலைக்கே அவதானம் என்று பெயர். அவதானம் என்பது வடசொல். கவனம் என்பதே அதன் பொருள், நினைவு என்பதன்று. இப்பெயர்ப்பொருளை நாம் மறந்துவிட்டமையே பின்வரும் குழப்பங்களுக்கெல்லாம் தோற்றுவாய். தனித்தமிழ் ஆர்வலர் இதனைக் கவனகம் என்று வழங்கியது மொழிமாற்றம் மட்டுமன்று, பொருளை மீட்டதுமாகும். ஒரே அமர்வில் எட்டுச் செயல்களில் கவனம் செலுத்துவது அட்டாவதானம். பத்தில் செலுத்துவது தசாவதானம். நூற்றில் செலுத்துவது சதாவதானம்.

அரங்கின் நடுவே அவதானி அமர்ந்திருப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் பெருக்கல் கணக்குக் கொடுப்பார். ஒருவர் ஒரு தொடரின் சொற்களை முறைமாற்றி, இது ஏழாவது, இது மூன்றாவது என்று இடையிடையே சொல்லிவருவார். ஒருவர் பின்னிருந்து முதுகில் சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார், ஒருவர் மணியடிப்பார், இரண்டையும் எண்ணிவர வேண்டும். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் ஆண்டையும் நாளையும் சொல்லிக் கிழமை கேட்பார். இவற்றுக்கிடையே வேறொருவர் வேண்டுமென்றே ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். முடிவில் யாவற்றுக்கும் விடை வர வேண்டும்.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்து 1950இல் மறைந்த பாவலர், சீறாப்புராணத்துக்கு உரைகண்டவர். வள்ளலாரின் பாடல்களைப் பற்றி எழுந்த அருட்பா மருட்பாப் பூசலில் வள்ளலார் பக்கம் நின்றவர். எதிர்ப்பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையும் சதாவதானியே, திரு. வி. க. வின் ஆசிரியர். அவர் மறைந்ததும் அதே 1907இல் ஆகும். இசுலாமியர் ஒருவர் வள்ளலாருக்காகவும், சைவர் ஒருவர் அவருக்கு எதிராகவும் வழக்காடிய அக்காலத் தமிழ்ப் பொதுவெளியை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது.

பாவலரைப் பற்றித் தமிழாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்றுண்டு. ‘துருக்கன்’ என்னும் சொல்லுக்கு இராமன் துணை எனப் பொருள்படும் ஈற்றடியை ஒருவர் கொடுத்தாராம். இசுலாமியராகிய பாவலர் இதில் இடர்ப்படுவார் என்பது கேட்டவர் எண்ணம். பாவலரோ முன்னடியின் இறுதியில் ‘சத்’ என்பதை நிறுத்தி, ஈற்றடியோடு சேர்த்துச் ‘சத்துருக்கன்’ ஆக்கிவிட்டார். பரதனுக்கும் இலக்குவனுக்கும் சத்துருக்கனுக்கும் இராமன் துணையாதல் இயல்புதானே! அவை ஆர்ப்பரித்தது. இதில் வெளிப்படுவது நினைவாற்றல் மட்டுமா? கேள்வியைக் கேட்ட கணத்திலேயே அதன் மூட்டு எங்கே தளர்ந்திருக்கிறது என்று காணும் கவனம் வெளிப்படுகிறது.

இத்தகையோரைக் கலைமகள் அருள்பெற்றவர் என்று போற்றி ஒதுங்கிவிடுவது நம் மரபாகிவிட்டது. வல்லாரைக் கீரை தின்றால் போதும் என்பாரும் உளர். பினாங்குச் சௌராஸ்தா சந்தையில் அக்கீரை கிடைக்கிறது, மலாய்க்காரர் பெகாகா என்பர், நல்ல உணவுதான். அதைத் தின்று அவதானியானவர் எவரையும் சந்தையில் காணவில்லை. அருள் என்று சொல்வதில் உள்ள இடர் யாதெனின், அருள் இல்லாதவன் முயல வேண்டுவதில்லை என்ற முடிவு அதனுள் ஒளிந்திருக்கிறது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, எனக்கு நினைவு நிற்பதில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் நாம் அம்முடிவையே வேறு சொற்களால் கூறிவிடுகிறோம்.

அவதானியின் செயலைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். வெண்பாவைச் சொல்லுக்குச் சொல்லாக அவர் சுமந்து திரிவதில்லை. நேரிசை வெண்பாவில் சீர்கள் பதினைந்து, தளை வெண்டளை, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாகவே முடிய வேண்டும், எதுகை முன்னரே உறுதியாகிவிடும். ஆகவே ஒரு சீர் நழுவினாலும் அவ்விடத்தில் வரக்கூடிய சொற்கள் மிகச் சிலவே. யாப்பே அவருக்காக நினைத்துக்கொள்கிறது. முறைமாற்றிச் சொல்லப்படும் தொடருக்கு அவர் மனத்தில் எண்ணிட்ட கட்டங்கள் உள்ளன; வந்த சொல்லை அதன் கட்டத்தில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிடுவார். ஒரே கணத்தில் எட்டையும் அவர் நினைப்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிதறாமல் செல்லவும், விட்ட இடத்திற்கே திரும்பி வரவும் பழகியிருக்கிறார்.

இதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், சராசரி நினைவாற்றல் கொண்ட கல்லூரி மாணவர் ஒருவரை எரிக்சன் முதலிய ஆய்வாளர்கள் பயிற்றினர். நொடிக்கு ஓர் இலக்கமாகப் படிக்கப்படும் எண்வரிசையைக் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவரால் ஏழு இலக்கங்களே சொல்ல முடிந்தது. இருபது மாதங்களில், ஏறத்தாழ 230 மணிநேரப் பயிற்சிக்குப்பின் 79 இலக்கங்களைச் சொன்னார். இம்முடிவு 1980இல் வெளியாயிற்று. அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களை மூன்றும் நான்குமாகச் சேர்த்து, இது ஒரு மைல் ஓடிய நேரம், இது வேறொரு பந்தயத்தின் நேரம் என்று தாம் நன்கறிந்த துறையோடு பிணைத்துக்கொண்டார். பின்னர் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவர்தம் ஆற்றல் ஏறத்தாழ ஆறுக்கு இறங்கிவிட்டது.

இச்செய்தியின் பின்பாதியே எனக்கு முன்பாதியினும் முதன்மையாகத் தோன்றுகிறது. நினைவு என்பது எதைத் தூக்கினாலும் வலுப்பெறும் தசை போன்றதன்று. அறிந்த துறை உள்ளவனுக்கே புதியது வந்து ஒட்டும். தமிழ் அவதானிக்கு யாப்பும் நிகண்டும் இலக்கியமும் அத்தகைய நிலம். நினைவாற்றல் வகுப்பு என்று விளம்பரம் செய்து, எத்துறைக்கும் ஆகும் பொதுத்திறன் ஒன்றைச் சில கிழமைகளில் தருவதாக உறுதி கூறுவோரிடம் பெற்றோர் இச்சோதனையைப் பற்றிக் கேட்கலாம்.

பின் ஏன் இக்கலை தளர்ந்தது? அச்சு வந்தது ஒரு காரணம் என்பர். அது பாதி உண்மையே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் குறிக்காமல் வந்த மேற்கோள்கள் அவரை அலைக்கழித்தன. கற்பவன் நெஞ்சில் அந்நூல்களெல்லாம் இருக்கும் என்று உரையாசிரியர் நம்பியிருந்தார். ஐயரோ நூல்களைத் தேடிப்பிடித்து, மேற்கோளை இடங்கண்டு, குறிப்பெழுதினார். நெஞ்சின் வேலையைத் தாள் ஏற்றுக்கொண்ட காலம் அது. இதில் இழப்பு இல்லை, ஊதியமே மிகுதி. அக்குறிப்புகளைச் செய்யவல்லவர் நெஞ்சில் நூல்களைச் சுமந்த ஒருவராகவே இருந்தார் என்பதையும் மறத்தலாகாது.

என் கருத்தில் பெரிய இழப்பு அச்சால் நேரவில்லை. எழுத்துத் தேர்வால் நேர்ந்தது. தேர்வு வந்தபின் மனப்பாடம் என்னும் பெயர் நின்றது. ஒப்புவித்தல், முறைவைத்துக் கேட்டல், சட்டாம்பிள்ளை, எதுகை வரிசை, மாலைப் பூப்பெயர் ஆகிய துணைகள் ஒவ்வொன்றாகப் போயின. கவனம் கழன்ற நினைவே மிஞ்சியது. அதனைக் கண்ட சீர்திருத்தக்காரர்கள் மனப்பாடமே அறிவுக்குப் பகை என்று முழங்கினர். அவர்கள் கண்ட வடிவத்தைப் பொறுத்தவரை அம்முழக்கம் நியாயமானதே. ஆயினும் அவர்கள் தாக்கியது உடலையன்று, உதிர்ந்த தோலை.

பழைய முறை முழுதாக எங்கும் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இருபதாம் நூற்றாண்டில் தசாவதானி இராமையாவும் அவர் மைந்தர் கனக சுப்புரத்தினமும் திருக்குறளை நிலைக்களமாகக் கொண்டு கவனகத்தை மேடையேற்றினர். பினாங்கிலோ அம்முறை வேறொரு வடிவில் நாள்தோறும் நடைபெறுகிறது. குர்ஆன் முழுவதையும் நெஞ்சிற் கொண்ட ஹாபிழ்களின் பயிற்சியைத் தமிழாசிரியர்கள் சற்றே நெருங்கிக் காண வேண்டும். 114 அத்தியாயங்கள், 30 பாகங்கள். மாணவன் நாள்தோறும் மூன்று பாடம் ஒப்புவிப்பான்: இன்று புதிதாய்ப் பெற்றது, அண்மையில் பெற்றது, நெடுநாள் முன் பெற்றது. மூன்றும் சுழன்று வருவதால் எபிங்ஹாஸ் கண்ட மறதி தலைதூக்குமுன்னரே தடுக்கப்படுகிறது. ரமலான் மாதத்து இரவுத் தொழுகையில் ஹாபிழ் ஓதும்போது, பின்னே நிற்கும் மற்றொரு ஹாபிழ் செவிசாய்த்து நிற்பார்; ஓரெழுத்துப் பிசகினும் எடுத்துக் கொடுப்பார். 1801இல் காதர் மொய்தீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழ்ந்த தமிழ் முசுலிம் குடும்பங்களுக்கு இம்முறை புதிதன்று. நாவலரும் பாவலரும் இச்சமூகத்தினின்றும் எழுந்தவர்களாதல் தற்செயலா என்று எண்ணிப் பார்ப்பதும் தகும்.

இனி நம் பள்ளிகள். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதி இருக்கிறது. கொன்றை வேந்தனும் உலகநீதியும் திருக்குறளும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படுகின்றன. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்காகவே மனப்பாடம் என்றிருந்த நிலையில், தேர்வு போனபின் மனப்பாடமும் எதற்கு என்று கேட்போர் தோன்றியுள்ளனர். வேறு விதமாகவும் இதனை நோக்கலாம்: எழுத்துத் தேர்வின் பிடியில் சிக்கிய மனப்பாடம் நெடுங்காலத்துக்குப் பின் ஆசிரியர் கைக்கே திரும்பியிருக்கிறது.

குறளை முதலிலிருந்து சொல்லும் பிள்ளையை நடுச்சொல்லைக் கொடுத்துத் தொடரச் சொன்னால் என்ன ஆகிறது என்று எந்த வகுப்பிலும் பார்க்கலாம். முதற்சொல் கிடைக்காமல் பெரும்பாலோர் நின்றுவிடுவர். எதுகையைச் சுட்டிக்காட்டி, இரண்டாமடியின் முதற்சீரை முதலடியின் முதற்சீரோடு பொருத்திப் பார்க்கச் செய்தபின், அதே பிள்ளை அடுத்தமுறை நிற்பதில்லை. பொருளைத் தன் சொல்லில் பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கச் செய்தால் நன்னூலார் ஒதுக்கிய அந்த அரைப்பங்கும் வந்து சேர்கிறது. மூன்று நாள் விட்டு, பின் ஒரு கிழமை விட்டு, பின் ஒரு மாதம் விட்டு அதே குறளைக் கேட்பதற்கு ஒரு நாட்குறிப்பேடு போதும். இத்தனைக்கும் வகுப்பில் ஆகும் நேரம் நாளொன்றுக்கு ஐந்து நிமிடம். பள்ளி விடும் மணிக்கு முந்திய ஐந்து நிமிடமாக அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் கையில் ஏடின்றி ஒரு பூப்பெயரோடு வீட்டுக்குப் போகலாம்.